ஏழு பேரும் ஒரு லிட்டரும்

வார இறுதிகளில் திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தையும் சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமத்தையும் ஒட்டி நிற்கும் கார்களில் சென்னைப் பதிவெண்களும் பெங்களூருப் பதிவெண்களும் கலந்திருக்கும். இரண்டு ஊர்களும் இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கிழக்கே செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை. மேற்கே செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு. காலையில் கிளம்பித் தரிசனம் முடித்து இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால், ஒரே வண்டியில் மூன்று தலைமுறையும் வந்து இறங்குகிறது. முன் கதவில் அப்பா, நடுக் கதவில் தாத்தா பாட்டி, அவர்கள் இருக்கையை மடக்கிய பிறகு பின்னாலிருந்து பிள்ளைகள். கடைசியாக டிக்கியிலிருந்து சாப்பாட்டுக் கூடை.

இப்படி ஏழு பேரைச் சுமந்து வரும் வண்டிகளில் மிகச் சிறியதும் விலை குறைந்ததுமான ஒன்றை இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ரெனோ ட்ரைபர். 2019 ஆகஸ்டில் 4.95 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. சென்னையை அடுத்த ஒரகடத்தில், 2010-இல் ரெனோ-நிசான் கூட்டு ஆலையாகத் திறக்கப்பட்ட தொழிற்சாலையில் தயாராகிறது. என்ஜின் 999 சி.சி., மூன்று சிலிண்டர், பெட்ரோல், டர்போ கிடையாது. நிமிடத்துக்கு 6250 சுழற்சியில் 72 குதிரைத்திறன், 3500 சுழற்சியில் 96 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. வெறும் வண்டியின் எடை 947 கிலோ.

இதை ஸ்டேஷன் வேகன் என்று யாரும் விற்கவில்லை. ஆனால் கூரையைக் கடைசி வரை நீட்டி, ஆட்களையும் சாமான்களையும் ஒரே அறைக்குள் வைத்து, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் பெரிய கதவு ஒன்றை மாட்டினால் கிடைப்பது வேகன்தான். நம் நாட்டில் அந்த வடிவத்தைப் பலர் முயன்றார்கள். அம்பாசடர் எஸ்டேட், டாடா எஸ்டேட், மாருதி பலேனோ அல்டூரா, டாடா இண்டிகோ மரினா என்று வரிசையாக வந்தன, எதுவும் நிலைக்கவில்லை. அவை பெரும்பாலும் செடான் காரின் முதுகில் கூடுதல் பெட்டி வைத்த வண்டிகள். கூடுதல் விலை கொடுத்தவருக்குக் கிடைத்தது பெரிய டிக்கி மட்டுமே, கூடுதல் இருக்கை இல்லை. இந்தியக் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது இருக்கை. மூன்றாவது வரிசை வந்ததும் அதே உடல் வடிவம் வேறு பெயரில் ஊரெல்லாம் ஓடத் தொடங்கியது.

இந்த வண்டியை வரைந்த பொறியாளர்களுக்குப் பந்தயக் கார் செய்பவரைவிடக் கடினமான கணக்கு இருந்தது என்று நினைக்கிறேன். பந்தயக் காரில் எப்போதும் ஒரே ஓட்டுநர், ஏறத்தாழ ஒரே எடை. வேகனோ திங்கட்கிழமை ஓர் ஆளோடு அலுவலகம் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு 60 கிலோ வீதம் ஏழு பேர், 420 கிலோ. சாமான் 30 கிலோ. மொத்தம் 1,400 கிலோவை நெருங்குகிறது. தன் எடையில் பாதியளவு சுமை ஏறியும் இறங்கியும் போகும். இரண்டு நாளும் அதே என்ஜின், அதே ஸ்பிரிங், அதே பிரேக், அதே டயர்.

முதலில் நீளம். ட்ரைபரின் நீளம் 3,990 மில்லிமீட்டர். இந்த எண்ணைத் தீர்மானித்தது வரிச் சட்டம். 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைந்தது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் அது சிறிய கார். அந்த இரண்டு எல்லைகளும் ஜி.எஸ்.டி. காலத்திலும் தொடர்ந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. ஏழு பேரை ஏற்றும் மாருதி எர்டிகா ஏறத்தாழ 4,400 மில்லிமீட்டர் நீளம், 1,462 சி.சி.; அது எல்லைக்கு வெளியே நிற்கிறது. ட்ரைபர் எல்லைக்கோட்டுக்கு 10 மில்லிமீட்டர் உள்ளே நிற்கிறது.

நான்கு மீட்டருக்குள் மூன்று வரிசை அடங்க வேண்டுமென்றால் சக்கரங்களை மூலைகளுக்குத் தள்ள வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,636 மில்லிமீட்டர் விட்டிருக்கிறார்கள். இந்த நீளக் காருக்கு அது தாராளம். கூரையை உயர்த்தி ஆட்களை நிமிர்ந்து உட்கார வைத்தார்கள். நிமிர்ந்து உட்கார்பவருக்குக் கால் நீட்ட இடம் குறைவாகப் போதும். நடு வரிசை முன்னும் பின்னும் நகரும், பின் வரிசை இருக்கைகள் இரண்டையும் முழுதாகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரலாம். கழற்றினால் டிக்கி 625 லிட்டர். மாட்டி ஏழு பேரும் ஏறினால் வெறும் 84 லிட்டர். அதில் இரண்டு தோள்பைகளை வைத்தாலே நெருக்கம். ஏழு பேரும் அவர்களது இரண்டு நாள் சாமானும் ஒன்றாகப் போக முடியாது என்பதை விளம்பரம் சொல்வதில்லை; இந்த 84 சொல்லிவிடுகிறது.

இனி என்ஜின். நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை எரிகிறது. நான்கு சிலிண்டர் இருந்தால் 180 பாகைக்கு ஓர் எரிப்பு. மூன்று இருந்தால் 240 பாகைக்கு ஒன்று. ஆசிரமத்துக்கு வெளியே வண்டி 850 சுழற்சியில் சும்மா நின்று உறுமும்போது நான்கு சிலிண்டர் வினாடிக்கு 28 தடவை தட்டுகிறது, மூன்று சிலிண்டர் 21 தடவை. மெதுவான தட்டலை உடம்பு எளிதில் உணர்கிறது. தவிர, மூன்று பிஸ்டன்களின் மேல்கீழ் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டாலும், அவை ஒரே வரிசையில் வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்குவதால் என்ஜினின் இரண்டு முனைகளும் மாறிமாறி எழுந்து தாழப் பார்க்கும். அந்த ஆட்டத்தை என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்கள்தான் விழுங்க வேண்டும். அவை பழசானால் ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரியும். இந்தக் குறைக்கு ஈடாக ஒரு சிலிண்டர் குறைவதால் உராய்வு குறைகிறது, எடை குறைகிறது, செலவு குறைகிறது. எளிய விலை வண்டிக்கு இது சரியான பேரம்.

ஏழு பேரோடு மேட்டில் ஏறும்போது ஓட்டுநர்கள் “வண்டி இழுக்க மாட்டேங்குது” என்பார்கள். திருவண்ணாமலையிலிருந்து போளூர் போய் ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவு, 30 கிலோமீட்டர் வேகம், 1,400 கிலோ. புவியீர்ப்பை எதிர்க்க ஏறத்தாழ 1,140 நியூட்டன், டயர் உருளும் தடைக்கு 165 நியூட்டன். இரண்டையும் கூட்டி வேகத்தால் பெருக்கினால் 11 கிலோவாட் வரும். கியர்பாக்ஸ் இழப்பும் ஏ.சி. கம்ப்ரசரும் சேர்ந்து அதை 15 கிலோவாட் ஆக்கும், அதாவது 20 குதிரைத்திறன். 72 இருக்கும் இடத்தில் 20 கேட்பது பெரிய காரியமா?

கியரைப் பொறுத்தது. ஆற்றல் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. உயர் கியரில் என்ஜின் 1500 சுழற்சியில் முனகிக்கொண்டிருந்தால், அந்த 15 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 95 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். இந்த என்ஜின் தரக்கூடிய அதிகபட்சமே 96, அதுவும் 3500 சுழற்சியில்தான்; 1500-இல் அவ்வளவு கிடைக்காது. கால் தரையைத் தொடும்வரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலும் வண்டி வேகம் இழக்கும். கியரைக் குறைத்து 3000 சுழற்சிக்குக் கொண்டுவந்தால் வெறும் 48 போதும். அதே என்ஜின், அதே மலை, பாதி உழைப்பு. சத்தம் கூடுகிறதே என்று பலர் கியர் குறைக்கத் தயங்குகிறார்கள். அந்தச் சத்தத்தால் என்ஜினுக்குக் கேடில்லை. குறைந்த சுழற்சியில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பதுதான் கேடு. அப்போது எரிகலவை தானாகவே வெடித்துத் தட்டும் வாய்ப்பு கூடுகிறது.

சமவெளியிலும் சுமை தன் கணக்கைக் கேட்கும். திண்டிவனம் சாலையில் 60 கிலோமீட்டரில் போகும் கரும்பு லாரியை 80-ஐத் தொட்டு முந்த வேண்டும். ஓட்டுநர் மட்டும் இருந்தால் வண்டி பெற வேண்டிய கூடுதல் இயக்க ஆற்றல் 109 கிலோஜூல். ஏழு பேர் இருந்தால் 151. காற்றையும் உராய்வையும் சமாளித்த பிறகு முடுக்கத்துக்கு 20 கிலோவாட் மிஞ்சுகிறது என்று கொண்டால், முதல் நிலையில் ஐந்தரை வினாடி, இரண்டாவதில் ஏழரை வினாடி. வித்தியாசம் இரண்டே வினாடிதான். அந்த இரண்டு வினாடியில் உங்கள் வண்டி 40 மீட்டர் போகிறது, எதிரே வருவதும் அதே வேகமென்றால் அது இன்னொரு 40 மீட்டர் நெருங்குகிறது. வார நாளில் தனியாக ஓட்டிப் பழகிய கண், ஞாயிற்றுக்கிழமை அந்த 80 மீட்டரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். குடும்ப வண்டி வாங்குபவருக்கு மைலேஜைச் சொல்லும் விற்பனையாளர் இதையும் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

மைலேஜ் என்றதும் எரிபொருளையும் பார்த்துவிடலாம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் அளவுக்கு ஆற்றல், எத்தனாலில் 21. கலவையில் 30-க்குச் சற்றுக் கீழே. ஆக ஒரு லிட்டரில் ஏறத்தாழ 7 சதவீத ஆற்றல் குறைவு. எத்தனால் தட்டலை எதிர்க்கும் திறன் உடையது. அதற்கேற்ப அழுத்த விகிதத்தை உயர்த்தி வடிவமைத்த என்ஜின் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுவிடும். பழைய என்ஜினால் அது முடியாது.

உடற்கூட்டில்தான் வேகனுக்கே உரிய சிக்கல் இருக்கிறது. தீப்பெட்டியின் உறையை மட்டும் எடுத்து இரண்டு விரலால் அழுத்துங்கள், சாய்சதுரமாக மடங்கிவிடும். உள்பெட்டியைச் செருகியபின் அழுத்தினால் மடங்காது. செடான் காரில் பின் இருக்கையின் முதுகுத் தகடும் அதன் மேல் பலகையும் அந்த உள்பெட்டியின் வேலையைச் செய்கின்றன. வேகனில் அந்தத் தடுப்பே கிடையாது, போதாததற்குப் பின்பக்கம் முழுவதும் திறப்பு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது உடல் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதனால் கடைசித் தூண்கள் இரண்டையும் கூரையின் குறுக்குச் சட்டத்தையும் தரையின் குறுக்குச் சட்டத்தையும் இணைத்து, கதவுத் திறப்பைச் சுற்றிலும் வலுவான எஃகு வளையமாக்குகிறார்கள். சில ஆண்டுகள் ஓடிய வேகனில் பின்கதவு கடகடவென்று சத்தமிட்டால் கதவைக் குறை சொல்லும் முன் இந்த வளையத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். அது நெளியும்போது கதவின் ரப்பரும் பூட்டும் உராய்கின்றன.

தடுப்பு இல்லாத அறைக்கு இன்னொரு குணமும் உண்டு. முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரை இரண்டரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், உள்ளிருக்கும் காற்று வினாடிக்கு ஏறத்தாழ 69 அதிர்வுகளில் ஒத்ததிரும். மூன்று சிலிண்டர் என்ஜின் 2750 சுழற்சியில் ஓடும்போது எரிப்புகளின் எண்ணிக்கையும் வினாடிக்கு 69. அந்த வேகத்தில் காதை அடைக்கும் ஒரு ‘பூம்’ எழும், சற்றுக் கூட்டினாலோ குறைத்தாலோ மறைந்துவிடும். கூரைத் தகட்டின் அடியில் ஒட்டும் அதிர்வுத் தடுப்பு அட்டைகளும் தரை விரிப்பின் தடிமனும் இந்த ஒலியை அடக்கத்தான். விலை குறைந்த மாடல்களில் முதலில் கைவைக்கப்படுவதும் அவற்றில்தான்.

சுமை எங்கே உட்காருகிறது? மூன்றாவது வரிசை ஏறத்தாழ பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. அங்கே இரண்டு பேர் அமர்ந்தால் அவர்கள் எடை முழுவதும் பின் சக்கரங்களுக்கு. டிக்கிச் சாமான் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் வண்டியின் மூக்கைச் சிறிது தூக்கவும் செய்யும். இந்த வண்டியை இழுப்பது முன் சக்கரங்கள். மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில், முழுச் சுமையோடு, சரிவும் சேர்ந்து எடையைப் பின்னுக்குத் தள்ளும்போது முன் சக்கரம் சறுக்கிச் சுழல்வது இதனால்தான்.

வால் தாழ்ந்தால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். பல கார்களில் ஸ்டியரிங்கின் வலப்பக்கம் 0 முதல் 3 அல்லது 4 வரை எண்ணிட்ட ஒரு சிறு திருகு இருக்கும். ஒளிக்கற்றையைத் தாழ்த்துவது அதன் வேலை. செங்கம் சாலையின் இந்தப் பகுதி கிரிவலப் பாதையும்கூட. பௌர்ணமியில் மட்டுமல்லாமல் எல்லா இரவுகளிலும் 14 கிலோமீட்டர் பாதையில் யாராவது வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறார்கள். ஏழு பேரோடு இரவில் வரும் ஓட்டுநர் அந்தத் திருகைத் தொடாவிட்டால், நடப்பவர் கண்ணில் நேராக வெளிச்சம் அடிக்கும்.

பின் ஸ்பிரிங்கைத் தேர்வதில் முழுத் திருப்தி யாருக்கும் கிடைக்காது. பின் அச்சின் சுமை ஆள் இல்லாதபோது 380 கிலோ, நிறைந்தபோது 700 கிலோ என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். மென்மையான ஸ்பிரிங் போட்டால் தனியாகப் போகையில் சுகம். ஏழு பேர் ஏறினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டும். விறைப்பாகப் போட்டால் தட்டாது, ஆனால் காலி வண்டியின் பின்பகுதி குதிக்கும். பொறியாளர்கள் நடுவில் நிற்கிறார்கள். ஸ்பிரிங் ஓரளவுக்கு மேல் அமுங்கியதும் நுரை போன்ற பாலியூரித்தேன் தடுப்பு ஒன்று அதற்குத் தோள் கொடுக்கும். விலைக் குறைவால் ஒரே விறைப்புள்ள ஸ்பிரிங்கே கிடைத்த வண்டியில், அந்தச் சிறு உருளைதான் இரண்டாவது ஸ்பிரிங்காக வேலை செய்கிறது.

இறக்கத்தில் பிரேக்குக்குச் சோதனை. 1,400 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 7 மெகாஜூல் எங்காவது போய்ச் சேர வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 23 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. முழுவதையும் பிரேக் மீது சுமத்தினால் முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் சூடேறி, பிடிமானம் தளரும், பெடல் ஏமாற்றும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இயற்பியல்படி முற்றிலும் சரி. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்கிறது, பெட்ரோல் தெளிப்பது நிற்கிறது, சிலிண்டர்கள் வெற்றிடத்தை இழுத்துத் திணறுகின்றன. அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடச் செலவில்லை.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு விஷயம். 2021-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ட்ரைபர் பெரியவர்களுக்கு 4 நட்சத்திரமும் குழந்தைகளுக்கு 3 நட்சத்திரமும் பெற்றது. அது முன்பக்க மோதல். மூன்றாவது வரிசையில் உட்கார்பவரின் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு, நான்கு மீட்டர் எல்லை அங்கேதான் கடிக்கிறது. வரியைக் குறைக்க நீளத்தை அளவுகோலாக வைத்ததன் விலையைக் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைகள் தருகிறார்கள் என்பது என் கருத்து. எரிபொருள் செலவையோ எடையையோ அளவுகோலாக வைத்திருந்தால் அந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டரை யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, கட்டாத சாமான். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி 60 சென்டிமீட்டருக்குள் வண்டி நின்றால், உள்ளே 16 மடங்கு புவியீர்ப்பு அளவுக்கு வேகக் குறைவு. பின்னால் சும்மா வைத்த 10 கிலோ அரிசி மூட்டை 160 கிலோ விசையோடு முன்னே வரும். செடானில் தடுக்கத் தகடு உண்டு, வேகனில் தடுப்பது மனிதத் தலைதான். கனமானதைத் தரையில், இருக்கை முதுகை ஒட்டி வைத்துக் கட்ட வேண்டும். இடம் போதவில்லை என்று கூரையில் 50 கிலோ ஏற்றினால், வண்டியின் ஈர்ப்பு மையம் சுமார் 4 சென்டிமீட்டர் உயரும். வளைவில் அது நன்றாகவே தெரியும்.

இத்தனை சுமையும் கடைசியில் வந்து சேரும் இடம் டயர். அதைத் தாங்குவது ரப்பர் என்று தோன்றும், உண்மையில் தாங்குவது உள்ளிருக்கும் காற்று. காற்றழுத்தம் மாறாமல் சுமை இரட்டிப்பானால் தரையைத் தொடும் பரப்பும் இரட்டிப்பாக வேண்டும். அதற்காக டயரின் பக்கச்சுவர் பிதுங்கி மடங்கும். 14 அங்குல டயர் ஒரு சுற்றில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறது. இங்கிருந்து சென்னை போய்ச் சேருவதற்குள் ஒரு லட்சம் சுற்று. பக்கச்சுவரின் ஒவ்வொரு இடமும் ஒரு லட்சம் தடவை மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் வெப்பம். சித்திரை வெயிலில் தார்ச்சாலையே கொதிக்கும்போது அந்த வெப்பத்துக்கு வெளியேற வழி இல்லை. நெடுஞ்சாலையில் பின் டயர் வெடிப்பதற்கு மிக அதிகமாகக் காற்று பிடித்ததே காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். குறைவான காற்றும் அதிகச் சுமையும் சேர்ந்து பக்கச்சுவரை வேகவைப்பதுதான் பெரிய ஆபத்து.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் உள்விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கர் தென்படும். பல வண்டிகளில் அதில் ஒன்றிரண்டு பேருக்கு ஓர் அழுத்தம், முழுச் சுமைக்கு வேறோர் அழுத்தம் என்று தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள். டயர் ஓடிச் சூடான பிறகு அளந்தால் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். ஆகவே கிளம்பும் நாள் காலையில், வீட்டுக்கு அருகிலுள்ள பங்கிலேயே, பின் டயர்களுக்கு முழுச் சுமைக்கான எண்ணைச் சொல்லிக் காற்று பிடித்துக்கொள்வது நல்லது. ஊர் திரும்பி ஆட்களை இறக்கிய மறுநாள் பழைய எண்ணுக்குக் குறைத்துவிடலாம்.